சுபேதார் தாத்தா விட்டுச்சென்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி

கேள்வி: எங்கள் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 12ஆவது ஃபீல்டு கம்பெனியில் சுபேதாராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் போய்வந்து, 1946இல் ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்த ஜெர்மன் கைத்துப்பாக்கி உரிமத்துடன் முதலில் அவரிடமும் பிறகு என் தந்தையிடமும் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் தந்தை காலமானார். துப்பாக்கி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதன் மேற்பகுதியில் 'பி-ஒய்-எஃப்' என்ற மூன்று சிறிய எழுத்துகளும், அதற்குச் சற்று முன்னால் 41 என்ற எண்ணும், பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணும், குழலுக்கு அடியில் 8,83 என்ற எண்ணும் உள்ளன. ஆப்பிரிக்காவில் ஜெர்மன் படையை நடத்திய ரோம்மெலின் தளபதி ஒருவர் சரணடைந்தபோது தாத்தாவிடம் ஒப்படைத்தது என்று வீட்டில் சொல்வார்கள். இது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா? தம்பி இதற்குப் பாலிஷ் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்கிறான். என்ன விலை பெறும் என்றும் கேட்கிறான். — வேலூர் மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டது வரலாற்றைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணை முதலில் நிறுத்தியது 'பீரோவில் இருக்கிறது' என்ற வரி. ஆயுத உரிமம் என்பது வீடு, நிலம் போல வாரிசுக்குத் தானாக இறங்கி வருவதில்லை. உரிமதாரர் இறந்துவிட்டால், அந்த ஆயுதத்தைக் குடும்பத்தினர் வைத்திருப்பதற்கான சட்ட அடிப்படை அதோடு முடிந்துவிடுகிறது. தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ அதை ஒப்படைத்து ரசீது பெற வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு கூறுகிறது. நான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்பதற்காக அஞ்சி இன்னும் தள்ளிப்போட வேண்டாம். தந்தையின் உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களுடன் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் தெரிவித்து, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படையுங்கள். யாருக்கும் சொல்லாமல் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்வது மட்டும் கூடாது. பீரோவில் பழைய தோட்டாக்கள் இருந்தால் அவற்றையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். அவையும் அதே உரிமத்துக்குள் அடங்கியவைதாம்.

ஒப்படைத்துவிட்டால் பொருள் கைவிட்டுப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சட்டப்படியான வாரிசு உரிமம் கோரி விண்ணப்பிக்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25ஆவது விதி இடமளிக்கிறது. உங்கள் துப்பாக்கி படைகளின் 9 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்துவது என்பதால், அலுவலகங்களில் 'பி.பி.' என்று சொல்லப்படும் தடைசெய்யப்பட்ட துளை அளவு வகையைச் சேர்ந்தது. அதற்கு உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட அளவில் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. ஆகவே விண்ணப்பம் நீண்ட வழி செல்லும். உங்கள் வீட்டில் வேறு துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் பெயரில் விண்ணப்பிப்பதாக இருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும், பரம்பரைச் சொத்தாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்பது ஆண்டு பழையது என்பதால் 1941இல் செய்த துப்பாக்கிக்குப் பழம்பொருள் என்ற விலக்குக் கிடைத்துவிடாது. விண்ணப்ப விவரங்களுக்கு இத்துறையில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. நான் என் துறைக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது லூகர் என்று உலகம் அறிந்த, ஜெர்மன் தரைப்படை 1908இல் ஏற்றுக்கொண்டதால் பி-08 எனப் பெயர்பெற்ற கைத்துப்பாக்கி. முழங்கை போல மடங்கி எழும் மேற்பகுதிதான் இதன் தனி அடையாளம்; அந்த மடிப்பின் மேல் தொழிற்சாலையின் குறியீடும், தோட்டா அறையின் மேல் ஆண்டும் இருக்கும். போர்க்காலத்தில் எந்த ஆயுதம் எந்த ஊரில் தயாராகிறது என்பதை எதிரி அறியக் கூடாது என்பதற்காக ஜெர்மானியர் தொழிற்சாலைப் பெயருக்குப் பதிலாக எழுத்துக் குறியீடுகளைப் பொறித்தனர். 'பி-ஒய்-எஃப்' என்பது நெக்கார் நதிக்கரையில் உள்ள ஓபர்ண்டார்ஃப் நகரின் மவுசர் தொழிற்சாலை. 41 என்பது 1941. பெர்லினில் இருந்த லூகர் தயாரிப்பு 1930இல் மவுசருக்கு மாற்றப்பட்டது; 1942இன் இறுதியில் ஜெர்மன் படைக்கான லூகர் தயாரிப்பே நின்று, வால்தர் பி-38 அதன் இடத்தைப் பிடித்தது. ஆக, உங்கள் தாத்தாவிடம் வந்தது அந்த வகையின் கடைசிக் காலத்துப் பொருள்.

குழலுக்கு அடியிலுள்ள 8,83 என்பதைப் பார்த்து, இது வேறு ஏதோ அளவுத் தோட்டாவுக்கானது என்று சிலர் சொல்லக்கூடும். குழலின் உட்புறத்தை அளந்து தொழிற்சாலையில் பொறித்த விட்டம் அது. தோட்டா 9 மி.மீ. பாரபெல்லம்தான்.

இனி அந்த நான்கு இலக்க எண். இதை வைத்துத்தான் எல்லாம் தெரிந்துவிடும் என்று எனக்கு எழுதுகிறவர்கள் அனைவரும் நம்புகிறார்கள். மவுசர் தொழிற்சாலையில் படைக்கான லூகர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் 1இலிருந்து எண்ணத் தொடங்கி, பத்தாயிரம் ஆனதும் மீண்டும் 1இலிருந்து 'ஏ' என்ற சிறிய எழுத்தைச் சேர்த்து, அதுவும் முடிந்தால் 'பி' என்று தொடர்ந்தார்கள். எனவே ஒரே நான்கு இலக்க எண் ஒரே ஆண்டில் பல துப்பாக்கிகளில் இருக்கும். அடுத்த ஆண்டிலும் திரும்ப வரும். எண், அதன் கீழே உள்ள சிறிய எழுத்து, ஆண்டு, தொழிற்சாலைக் குறியீடு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரே ஒரு துப்பாக்கியைக் குறிக்கும். உங்கள் கடிதத்தில் அந்தச் சிறிய எழுத்தைப் பற்றிக் குறிப்பு இல்லை. குழலுக்கு அடியில், சட்டகத்தின் முன்புறத்தில் எண் இருக்கும் இடத்துக்குக் கீழே பார்த்தால் தென்படும். தந்தையின் உரிமத்தில் அந்த எழுத்து விடுபட்டிருந்தால், வாரிசு விண்ணப்பம் போடும் இந்தச் சமயத்திலேயே அதைச் சரிசெய்யக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்படைத்த பிறகு, விற்பனையாளரிடம் உள்ள, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் ஒருவரைக் கொண்டு துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துவிட்டு, அவர் கையாலேயே புகைப்படங்கள் எடுக்கச் சொல்லுங்கள். இடது, வலது பக்கங்கள் முழுமையாக. பிறகு ஒவ்வொரு முத்திரையும் அருகிலிருந்து. வலப்பக்கத்தில் கழுகுச் சின்னமும் அதன் கீழ் எண்ணும் கொண்ட சிறிய முத்திரைகள் இருக்க வேண்டும். படைக்கல ஆய்வாளரின் ஒப்புதல் முத்திரை அது. மவுசரின் இந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் 655 அல்லது 135 என்ற எண்ணை எதிர்பார்க்கலாம். சிறிய பாகங்களில், அதாவது பக்கத்தகடு, விசை, மேல் மடிப்பின் இணைப்புகள் போன்றவற்றில், முழு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை எல்லாம் ஒத்துப்போனால் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பாகங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றிரண்டு மாறியிருந்தால் போர்க்களப் பட்டறையில் பழுது பார்த்திருக்கலாம், பிற்காலத்தில் வேறொன்றிலிருந்து கழற்றிப் போட்டும் இருக்கலாம். தோட்டா அடைக்கும் மேகசினையும் விட்டுவிடாதீர்கள். அதில் 'எஃப்-எக்ஸ்-ஓ' என்றிருந்தால் அது ஸூல் நகரின் ஹேனல் தொழிற்சாலையில் செய்தது, காலமும் பொருந்தும். அடிப்பகுதி மரத்தால் ஆனதாக இருந்தால் அது 1941க்கு முற்பட்ட பழைய மேகசின், எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. பிடி கறுப்பு பேக்கலைட்டாக (பழைய வகைப் பிளாஸ்டிக்) இருந்து, யாராவது 'கறுப்பு விதவை' என்று சொல்லி விழியை விரித்தால் பொருட்படுத்த வேண்டாம்; அது போருக்குப் பிறகு வணிகர்கள் சூட்டிய பெயர், ஜெர்மன் படையில் அப்படி ஒரு தனி வகை கிடையாது.

இங்கிலாந்தின் சோதனைச் சாலை முத்திரைகளோ, 'நாட் இங்கிலீஷ் மேக்' என்ற பொறிப்போ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தத் துப்பாக்கி பிரிட்டனில் கடை வழியாக ஒருமுறை விற்பனைக்குப் போயிருக்கிறது. அப்போது போர்க்களத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்த கதை நிற்காது. இல்லாவிட்டால் வீட்டுக் கதைக்கு ஒரு தடை விலகுகிறது, அவ்வளவுதான், கதை நிரூபணமாகிவிடாது.

பாலிஷ் விஷயத்தில் உங்கள் தம்பியிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். சக்கரத்தில் தேய்த்தால் முதலில் மழுங்குவது நான் மேலே சொன்ன இந்தச் சிறிய முத்திரைகள்தாம்; துப்பாக்கியின் வரலாறு என்று இரும்பில் மிஞ்சியிருப்பது அவை மட்டுமே. சட்டமும் குறுக்கே நிற்கிறது. துப்பாக்கியின் பெயர், எண், அடையாளக் குறி ஆகியவற்றை அழிப்பதோ மாற்றுவதோ ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி குற்றம்; அப்படி அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை அவரே அழித்ததாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். ஏற்கெனவே யாராவது பாலிஷ் போட்டிருக்கிறார்களா என்பதை அறியவும் ஒரு வழி உண்டு. விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சிறிய பாகங்கள் வைக்கோல் நிறத்தில் மஞ்சளாக இருப்பது 1937 வரைதான் வழக்கம். அதன்பின் அவற்றுக்கும் நீலக்கறுப்பு நிறமே ஏற்றினார்கள். 1941 துப்பாக்கியில் மஞ்சள் பாகங்கள் தென்பட்டால் பிற்காலத்துக் கைவேலை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆர்மரர் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைப்பது போதும். தோலுறைக்குள் வைத்துப் பூட்டி வைப்பது தவறு. தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு துப்பாக்கி உங்களுக்குச் சொல்லியிருப்பது எங்கே, எப்போது செய்யப்பட்டது, என்னென்ன மாறியது என்பதைத்தான். யார் இடுப்பில் தொங்கியது என்பதை அது சொல்லாது. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதையடுத்த ஆண்டுகளிலும் பிடியின் முன்பக்கத்தில் படைப்பிரிவின் பெயரைச் சுருக்கிப் பொறிக்கும் வழக்கம் இருந்தது. 1941இல் அது இல்லை. எந்த எண் எந்தச் சிப்பாய்க்கு என்ற தகவல் அந்தச் சிப்பாயின் சம்பளப் புத்தகமான 'ஸோல்ட்புக்'கில் எழுதப்பட்டது. ஆகவே தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கழுகு முத்திரையிட்ட சிறிய ஜெர்மன் புத்தகம் ஏதாவது கிடந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த சான்று. அது இல்லாவிட்டால் தோலுறையின் உட்புறத்தைப் பாருங்கள். பின்பக்கம் செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். உட்புறம் மையால் எழுதிய பெயரோ ஐந்து இலக்க எண்ணோ இருந்தால், அந்த எண் களத் தபால் எண்ணாக இருக்க வாய்ப்புண்டு, அதிலிருந்து படைப்பிரிவைக் கண்டுபிடிக்கலாம். பெயர் கிடைத்தால் மட்டுமே ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பயனுண்டு. சிப்பாய்களைப் பற்றிய தகவல்களைப் பெர்லினில் பராமரித்துவந்த அலுவலகம் 2019இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயரில்லாமல், வெறும் துப்பாக்கி எண்ணை மட்டும் அனுப்பினால் பதில் கிடைக்காது. போட்ஸ்டாமில் இருந்த ஜெர்மன் தரைப்படை ஆவணக் காப்பகம் 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் எரிந்துபோனது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஜெர்மானியர் யார் என்பது கிடைக்காமலே போகலாம். ஆனால் அதைக் கொண்டுவந்தவர் யார், எங்கிருந்து, எப்போது என்பதைக் கண்டறிய வழிகள் இருக்கின்றன. என் கருத்தில் உங்கள் உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் அதுதான்.

தாத்தாவின் மெடல்களை முதலில் எடுங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தந்த 'ஸ்டார்' எனப்படும் இரண்டாம் உலகப் போர் நட்சத்திர மெடல்களில் பெயர் கிடையாது. ஆனால் இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஆப்பிரிக்கா ஸ்டாரின் ரிப்பனில் வெள்ளியில் 8 என்ற சிறிய எண் இருந்தால், அவர் 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரையிலான காலத்தில் பிரிட்டிஷ் எட்டாம் சேனையோடு களத்தில் இருந்தார் என்று பொருள். இத்தாலி ஸ்டார் இருந்தால் 1943 ஜூனுக்குப் பிந்தைய பணியும் உறுதியாகிறது. மெடலில் உள்ள படை எண்ணும் பெயரும்தான் அடுத்த கதவைத் திறப்பவை: பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் (மதராஸ் சாப்பர்ஸின் அதிகாரபூர்வப் பெயர்) மையத்தின் பதிவு அலுவலகத்துக்கு, படை எண், பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், விடுவிக்கப்பட்ட ஆண்டு ஆகியவற்றோடு எழுதுங்கள். எண் கிடைக்கவில்லையென்றால், பாட்டி குடும்ப ஓய்வூதியம் வாங்கியிருந்தால் அந்த ஆணையில் இருக்கும். வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம்.

தாத்தாவின் கம்பெனி எந்த நாளில் எந்த இடத்தில் இருந்தது என்பது கம்பெனியின் போர் நாட்குறிப்பில் இருக்கும். இவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா சார்ந்தவை 'டபிள்யூ.ஓ. 169' வரிசையிலும், இத்தாலி சார்ந்தவை 'டபிள்யூ.ஓ. 170' வரிசையிலும் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு சிப்பாயின் பெயரை அவற்றில் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் பாலம் போட்டது, கண்ணிவெடி அகற்றியது, கைதிகளைக் காவல் காத்தது என்று நாள்வாரியாகக் கிடைக்கும். லண்டனில் உறவினர் யாராவது இருந்தால் ஒரு நாள் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தப் பின்னணியில் உங்கள் வீட்டுக் கதையை எடைபோடலாம். 12ஆவது ஃபீல்டு கம்பெனி நான்காவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. துனீசியாவில் 1943 மே 12 அன்று ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது அந்த டிவிஷனிடம்தான். அடுத்த நாளோடு ஆப்பிரிக்காவில் போரே முடிந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன், இத்தாலியச் சிப்பாய்கள் கைதானார்கள். ஆக, 'தளபதி சரணடைந்தார்' என்ற சொல்லில் உண்மை இருக்கிறது, தாத்தா அருகிலேயே இருந்திருக்கவும் கூடும். ஆனால் ரோம்மெல் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, 1943 மார்ச்சில், ஆப்பிரிக்காவைவிட்டுப் போய்விட்டார். மேலும் ஜெர்மன் தளபதிகள் பெரும்பாலும் 7.65 மி.மீ. சிறிய கைத்துப்பாக்கிகளையே இடுப்பில் வைத்திருந்தார்கள். லூகர் என்பது ஹவல்தார் நிலையில் உள்ளவர்கள், இயந்திரத் துப்பாக்கி இயக்குவோர் போன்றவர்களுக்குப் படை வழங்கியது. கைதிகளிடமிருந்து குவியல் குவியலாகச் சேர்ந்த ஆயுதங்களில் ஒன்று சாப்பர் ஒருவர் கையில் வந்தது என்பதே எனக்கு அதிக இயல்பாகத் தோன்றுகிறது. இத்தாலியில் கிடைத்திருக்கவும் தடையில்லை. 1941இல் செய்த துப்பாக்கி இரண்டு களங்களுக்கும் பொருந்தும். பாலைவனத்தில் பிடிபட்டது என்று எழுதிவைக்கும் முன் இதை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்கப் படையில் கைப்பற்றிய பொருளை வீட்டுக்கு எடுத்துச்செல்ல அச்சிட்ட சான்றிதழ் தரும் வழக்கம் இருந்தது. அதுபோலத் தாத்தாவின் காகிதங்களில் கம்பெனி அதிகாரி கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு ஏதாவது இருந்தால், ஆங்கிலத்தில் கிறுக்கலாக இருக்கிறதே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதற்கு அடுத்த நிலையில் மதிப்புள்ளது முதல் உரிமம். 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்கப்பட்டது. வேலூர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். தந்தையின் உரிமப் புத்தகத்தில் பழைய உரிம எண் குறிக்கப்பட்டிருந்தால், அதைக் கொண்டு ஆட்சியர் அலுவலக ஆயுதப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 1946, 1947 அளவில், இன்றைய எண்ணோடு ஒத்துப்போகும் ஒரு ஜெர்மன் 9 மி.மீ. துப்பாக்கி அவர் பெயரில் பதிவாகியிருந்தால், அவர் படையிலிருந்து திரும்பியபோதே அது அவரிடம் இருந்தது என்பது நிலைபெற்றுவிடும். பத்து ஆண்டு கழித்துத்தான் பதிவு தொடங்குகிறது என்றால், வேறு யாரிடமாவது வாங்கினாரா என்று விசாரிக்க வேண்டியிருக்கும்.

விலையைப் பற்றி: வெளிநாட்டு ஏலங்களில் சொல்லப்படும் தொகைகளை இங்கே பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. தடைசெய்யப்பட்ட துளை அளவுத் துப்பாக்கியை அதற்கான உரிமம் உள்ளவருக்கு மட்டுமே, உரிய அனுமதியோடு மாற்ற முடியும். வாங்குவோர் மிகக் குறைவு. உரிமம் கிடைக்காத நிலை வந்தால், பெங்களூரில் உள்ள மதராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று உரிமம் வழங்கும் அதிகாரியிடம் கேளுங்கள். துப்பாக்கியோடு நான் சொன்ன காகிதங்களின் நகல்களும் சேர்ந்து போனால் அவர்கள் மகிழ்வார்கள். வெறும் லூகர் என்றால் உலகெங்கும் நிறைய இருக்கின்றன.

துப்பாக்கியின் முழு எண் தெரியும் படங்களைச் சமூக வலைத்தளங்களில் போட வேண்டாம். எனக்கு அனுப்பும்போதும் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்து அனுப்பினால் போதும். முத்திரைகளைப் படித்துச் சொல்ல அவை தேவையில்லை. உங்கள் தந்தையோடு பிறந்தவர்கள் யாரேனும் இருந்தால், பதிவு அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் அவர்களைப் போய்ப் பாருங்கள். தளபதி கதையைத் திரும்பக் கேட்க வேண்டாம்; தாத்தா போரின் நடுவே எந்த ஆண்டு விடுப்பில் வந்தார், டிரங்குப் பெட்டி அவரோடு வந்ததா அல்லது பின்னால் ரயிலில் தனியாக வந்ததா, துப்பாக்கியை வீட்டில் முதன்முதலாக யார் எப்போது பார்த்தார்கள் என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.